வைக்கோல் சும்மா கிடைக்காது: கம்பம் பள்ளத்தாக்குல பயோ கேஸ் பிளான்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் இருந்து கொஞ்ச நாளா ஒரே மாதிரி பிராஜெக்ட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்துட்டே இருக்கு. ஒண்ணு வைக்கோல்ல இருந்து பயோ கேஸ். இன்னொண்ணு வாழைக் கழிவுல இருந்து எத்தனால். மூணாவது வேளாண் கழிவுல இருந்து கெமிக்கல். அட்டை கலர் மாறும், லோகோ மாறும், உள்ள இருக்கிற ஒரு வரி மட்டும் மாறாது: "மூலப்பொருள் விவசாயக் கழிவு என்பதால் செலவு மிகக் குறைவு."

இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பத்திதான். அப்பா, தாத்தா காலத்து நஞ்சையை பேங்க்ல வச்சு கடன் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க இதை நிதானமா படிங்க.

டெக்னாலஜி வேலை செய்யுமா, செய்யாதான்னு நான் பேசப் போறதில்ல. வேலை செய்யும். 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி ஹரியானா பானிப்பட்ல இந்தியன் ஆயில் நிறுவனத்தோட எத்தனால் பிளான்ட் திறந்தாங்க. வருஷத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல் உள்ள போனா 3 கோடி லிட்டர் எத்தனால் வெளிய வரணும்ங்கிறது திட்டம். அதே வருஷம் அக்டோபர்ல பஞ்சாப் சங்ரூர்ல ஜெர்மனியைச் சேர்ந்த வெர்பியோ நிறுவனம் வைக்கோல்ல இருந்து கேஸ் எடுக்கற பிளான்ட் திறந்துச்சு. வருஷத்துக்கு 1 லட்சம் டன் வைக்கோல், தினம் 33 டன் கேஸ், முதலீடு சுமார் 220 கோடி ரூபாய். ரெண்டுமே நிஜ பிளான்ட். நம்ம ஊர் ரிப்போர்ட்ல போட்டோவா வர்றதும் பெரும்பாலும் இதுங்கதான்.

சரி, அந்த அளவை நம்ம பள்ளத்தாக்குல வச்சுப் பார்ப்போம். லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் பெரியாறு தண்ணி பாயற இருபோக நெல் பாசனப் பரப்பு 14,707 ஏக்கர். ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 2 டன் வைக்கோல்னு தாராளமாவே வைங்க. ரெண்டு போகமும் ஒரு ஏக்கர் விடாம விளைஞ்சா 58,828 டன். அதாவது பள்ளத்தாக்குல ஒரு மாடு கூட ஒரு வாய் வைக்கோல் தின்னாம, மொத்தத்தையும் அள்ளிட்டு வந்தாலும் சங்ரூர் பிளான்ட்டுக்கு அறுபது சதவீதம்தான் தேறும். பானிப்பட்டுக்கு முப்பது சதவீதம் கூட வராது.

"நாங்க சின்னதா போடறோம் சார்"னு சொல்வீங்க. சின்னதாவே போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி வைக்கோலுக்கு விலை வைக்கிறது யாருன்னு தெரிஞ்சுக்கணும்.

பஞ்சாப்ல வைக்கோலை எரிக்கிறாங்க, நம்ம ஊர்ல எரிக்கிறதில்ல. ஏன்? அங்க நெல் அறுத்து ரெண்டு மூணு வாரத்துல கோதுமை விதைச்சாகணும். நெல் வைக்கோலை அங்க மாட்டுக்கு அவ்வளவா போடறதும் இல்ல, கோதுமைத் தாள்தான் தீவனம். அதனால நெல் வைக்கோல் அங்க தொல்லை. கொளுத்தி விட்டா வேலை முடிஞ்சது. நம்ம ஊர்ல வைக்கோல்னா படப்பு போட்டு வைக்கிற சொத்து. அறுவடை மெஷின் பின்னாடியே கட்டு கட்டற மெஷின் வந்துடுது, கட்டு லாரியில ஏறி குமுளி மலையைத் தாண்டி கேரளா மாட்டுப் பண்ணைக்குப் போகுது. அங்க வாங்கறவர் அதை எரிபொருளா பார்க்கல, தீவனமா பார்க்கறார். அவர் எவ்வளவு கொடுப்பார்ங்கிறதை பால் விலை முடிவு பண்ணும், உங்க கேஸ் விலை இல்ல. உங்க பிளான்ட் வைக்கோல் வாங்கணும்னா அந்த மாட்டுக்காரரை விட ஒரு ரூபாயாவது கூட கொடுக்கணும். ரிப்போர்ட்ல "கழிவு"ன்னு எழுதியிருக்கிறது ஏற்கனவே விலை உள்ள ஒரு சரக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம். கீழ நான் போடற வைக்கோல் விலையும் வட்டியும் உதாரணம்தான். உங்க ஊர் விலையை எடுத்துப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

சங்ரூர் அளவுப்படி பார்த்தா 10 கிலோ வைக்கோலுக்கு 1 கிலோ கேஸ். பிளான்ட் வாசல்ல வந்து இறங்கற வைக்கோல் கிலோ 2.50 ரூபாய்னா, ஒரு கிலோ கேஸ்ல வைக்கோல் செலவு மட்டும் 25 ரூபாய். அடுத்து முதலீடு. 220 கோடி போட்டு, தினம் 33 டன், வருஷம் 330 நாள் ஒரு நாள் கூட நிக்காம ஓடினா சுமார் 1.09 கோடி கிலோ கேஸ். 220 கோடிக்கு 10 சதவீதம் வருஷச் செலவுன்னா 22 கோடி. கிலோவுக்கு 20 ரூபாய். சொந்தப் பணம்தானே, வட்டி இல்லையேன்னு நினைக்காதீங்க. அந்தப் பணம் பேங்க் டெபாசிட்ல இருந்திருந்தா ஏதோ சம்பாதிச்சிருக்கும் இல்ல?

வைக்கோல் 25, முதலீட்டுச் செலவு 20, மொத்தம் 45 ரூபாய். 2018 அக்டோபர்ல மத்திய அரசு சதத் திட்டம் ஆரம்பிச்சப்போ எண்ணெய் நிறுவனங்கள் கேஸுக்குத் தர்றதா சொன்ன விலை கிலோ 46 ரூபாய். மிச்சம் ஒரு ரூபாய். அதுலதான் கரண்ட், சம்பளம், பராமரிப்பு, கேஸை அழுத்தி சிலிண்டர் வண்டியில கொண்டு போற செலவு, அசல் திருப்பறது எல்லாம் பார்க்கணும். பின்னாடி அந்த விலையை சிஎன்ஜி விலையோட இணைச்சு ஏத்தினாங்க, அது நல்ல விஷயம். ஆனா உங்க ஊர்ல ஒரு கட்டு 15 கிலோ, விலை 90 ரூபாய்னு வைங்க. கிலோ 6 ரூபாய். ஒரு கிலோ கேஸுக்கு வைக்கோல் மட்டும் 60 ரூபாய் ஆயிடுது. கேஸ் விலையை எவ்வளவு ஏத்தினா இதை ஈடு கட்ட முடியும்?

சதத் திட்டத்தோட இலக்கு 5,000 பிளான்ட். வந்தது அதுல ரொம்பச் சின்ன பங்குதான். தொழில் தெரியாதவங்க இறங்கினதால மட்டும் இப்படி ஆகல. இந்த 45 ரூபாய் கணக்கு பெரிய கம்பெனிகளுக்கும் ஒண்ணுதான்.

எத்தனால் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பானிப்பட் அளவுப்படி ஒரு டன் வைக்கோலுக்கு 150 லிட்டர். கிலோ 2.50-ன்னா லிட்டருக்கு வைக்கோல் செலவு சுமார் 17 ரூபாய். முதலீடு 900 கோடிக்கு மேல. 900-ன்னே வச்சு 10 சதவீதம் போட்டா லிட்டருக்கு 30 ரூபாய். மொத்தம் 47 ஆச்சு, நார்ப்பொருளைச் சர்க்கரையா உடைக்கிற என்சைம் செலவு இன்னும் சேர்க்கல. அதுதான் இதுல பெரிய செலவுகள்ல ஒண்ணு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2024-25 சப்ளை வருஷத்துக்கு சி-ஹெவி மொலாசஸ் எத்தனாலுக்கு அரசு வச்ச விலை லிட்டர் 57.97 ரூபாய்.

மொலாசஸ்னு சொன்னதும் சர்க்கரை ஆலைக்கு வரணும். ஏன்னா கழிவுல காசு பார்க்கிற தொழில் நம்ம தேனி மாவட்டத்துக்கு ஒண்ணும் புதுசு இல்ல. வைகை அணை பக்கம் வரதராஜ் நகர்ல ராஜஸ்ரீ சர்க்கரை ஆலை இருக்கு. கம்பெனி பேரே "சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்". கரும்பை அரைச்சா நூறு டன்னுக்கு ஏறக்குறைய முப்பது டன் சக்கை வரும், அதை எரிச்சு கரண்ட். நாலஞ்சு டன் மொலாசஸ் வரும், அதைக் காய்ச்சி ஆல்கஹால். நாட்டுல பெரும்பாலான பெரிய சர்க்கரை ஆலைங்க இப்படித்தான் ஓடுது.

அங்க ஓடற கணக்கு வைக்கோலுக்கு ஏன் ஓடல? சக்கையை யாரும் வயல் வயலா போய் பொறுக்கல. கரும்பு சர்க்கரைக்காக ஆலைக்கு வந்துச்சு. வெட்டுகூலி, லாரி வாடகை எல்லாம் சர்க்கரை கணக்குல ஏறிடுச்சு. சக்கை ஆலைக்குள்ளயே மீந்து நிக்குது, சேகரிக்கிற செலவு பூஜ்யம். நெல் மில்லுல உமியும் அப்படித்தான், தேங்காய் களத்துல சிரட்டையும் அப்படித்தான். என்னைக் கேட்டா கழிவுல ரெண்டே ரகம்தான்: ஆலை வாசல்ல குவிஞ்சு கிடக்கிறது, வயல்ல சிதறிக் கிடக்கிறது. முதல் ரகத்துல தொழில் இருக்கு. ரெண்டாவது ரகத்துல முதல்ல ஒரு லாரி சர்வீஸ் நடத்தணும், அதுக்கு அப்புறம்தான் கெமிஸ்ட்ரி.

அதுக்காக முதல் ரகம் இலவசம்னு நினைச்சுடாதீங்க. கரூர் புகளூர் காகித ஆலை கரும்புச் சக்கையில பேப்பர் தயாரிக்கிற அரசு நிறுவனம். சக்கையைக் கொடுத்துட்டா சர்க்கரை ஆலை பாய்லருக்கு என்ன போடும்? அதனால அந்த ஆலைகளுக்கு மாற்று எரிபொருளா நிலக்கரி கொடுத்து சக்கையை வாங்கற ஏற்பாடு பண்ணினாங்க. சக்கையோட விலை நிலக்கரி விலையோட கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. இங்கயும் அதே விதிதான். ஏற்கனவே அதைப் பயன்படுத்தறவருக்கு என்ன மதிப்போ, அதுதான் விலை.

வாழைக்கு வருவோம், தேனி ரிப்போர்ட்கள்ல இப்ப அதிகமா வர்றது இதுதான். "தேனி மாவட்டத்தில் லட்சக்கணக்கான வாழை மரங்கள் தார் வெட்டியபின் வீணாகின்றன"ன்னு ஆரம்பிக்கும். மரம் நிறைய இருக்கிறது உண்மைதான். ஆனா வாழை மரத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணி. நாலு டன் ஏத்தின ஒரு டிராக்டர் டிப்பர்ல 92 சதவீதம் தண்ணின்னா, உலர்ந்த பொருள் 320 கிலோதான். வெட்டுகூலி, ஏத்துகூலி, வாடகை சேர்த்து ஒரு லோடு 1,500 ரூபாய்னு வைங்க. உலர் எடைக்கு கிலோ 4.70 ரூபாய் ஆச்சு. மரத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பைசா கொடுக்காமலே இந்த விலை. சின்னமனூர்ல இருந்து டிராக்டர்ல தண்ணியை ஏத்திட்டுப் போய் இன்னொரு ஊர்ல இறக்கறோம், அவ்வளவுதான். தண்ணி இருக்கட்டும், கேஸ் எடுக்க ஈரப் பொருள்தானே வேணும்னு ஒருத்தர் வாதாடினார். சரிதான், ஆனா அது தோட்டத்துக்குள்ளயே சாணத்தோட கலந்து போடற சின்ன கலனுக்குச் சரி. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பிளான்ட்டுக்கு இல்ல.

ரிப்போர்ட்ல எங்கயும் வராத இன்னொரு செலவும் இருக்கு, அது விவசாயி தலையில விழுது. வாழை பொட்டாஷை அள்ளித் தின்னற பயிர். வைக்கோல்லயும் டன்னுக்கு ஏறக்குறைய 15 கிலோ பொட்டாஷ் இருக்கு. மூட்டை உரக் கணக்குல பார்த்தா 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில பாதி. மரத்தையோ வைக்கோலையோ வெளிய அனுப்பினா அதுவும் சேர்ந்து போகுது. நம்ம நாடு பொட்டாஷ் உரத்துக்குக் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதியை நம்பியிருக்கு. உங்க வயல்ல இருந்ததை வித்துட்டு, கப்பல்ல வந்ததைக் கடையில வாங்கறீங்க. உள்ளூர் மாடு தின்னா சாணமா திரும்பி வரும், பிளான்ட்டுக்குப் போனா வராது. அதனால யாராவது "உங்க வைக்கோலை டன் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கறோம், பத்து வருஷ அக்ரிமென்ட்"னு வந்தா, இன்னைக்கு அரை மூட்டை பொட்டாஷ் என்ன விலைன்னு பார்த்துட்டு மீதியைக் கணக்குப் போடுங்க. பிளான்ட்ல மிஞ்சற எருவைத் திருப்பித் தருவோம்னு எழுத்துல கொடுத்தா அது வேற பேச்சு. விலை பத்து வருஷத்துக்கு ஒரே விலைன்னா கையெழுத்தே போடாதீங்க.

கெமிக்கல் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சர்க்கரைக் கழிவுல இருந்து கெமிக்கல்ங்கிறது நம்ம நாட்டுல நடந்த விஷயம். உத்தராகண்ட் காஷிப்பூர்ல இந்தியா கிளைக்கால்ஸ் மொலாசஸ் ஆல்கஹால்ல இருந்து கிளைக்கால் தயாரிக்குது. கிலோ விலை எரிபொருளை விட அதிகம்தான். ஆனா வாங்கறவங்க கொஞ்சம் பேர், தரம் ஒரே மாதிரி இருக்கணும், போட்டி பெட்ரோலியத்துல இருந்து வர்ற அதே பொருளோட. ஐந்து கோடி ரூபாய் முதலீட்டுல சோளக் கட்டையில இருந்து கெமிக்கல்னு ஒரு ரிப்போர்ட் வந்தா, முதல் பக்கத்துல தேட வேண்டியது மெஷின் பேர் இல்ல, வாங்கப் போறவரோட பேரும் அவர் கொடுத்த கடிதமும்.

இப்ப என் தொழில் பக்கம்.

முதல்ல ஸ்டாக். கேஸ் பிளான்ட் வருஷம் பூரா ஓடணும், வைக்கோல் வருஷத்துல ரெண்டே தடவைதான் வரும். தினம் 10 டன் வைக்கோல் தேவைப்படற சின்ன பிளான்ட்டை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு அறுவடையிலயும் அஞ்சு மாசத்துக்கு, அதாவது 1,500 டன் வாங்கி அடுக்கணும். 2.50-க்கே கிடைச்சாலும் 37.5 லட்சம் ரூபாய் ரொக்கம், வைக்கோல்காரங்க கடன் கொடுக்க மாட்டாங்க. கட்டுக்கு கட்டு தீ இடைவெளி விட்டு அடுக்க ஒரு ஏக்கருக்கு மேல இடம், மேல தார்ப்பாய், தீ இன்சூரன்ஸ். மழையில பத்து சதவீதம் அழுகினா 3.75 லட்சம் அவுட். நான் பார்த்த ரிப்போர்ட்கள்ல "இருப்பு நாட்கள்: 15"னு போட்டிருந்தது. 15 நாள் ஸ்டாக் வச்சுட்டு மீதி நாள் வயல்ல எதை அறுப்பாங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. பெரியாறு அணையில தண்ணி குறைஞ்சு ஒரு போகம் தப்பிப் போச்சுன்னா என்னன்னு யாரும் ஒரு வரி கூட எழுதல.

அடுத்து சப்சிடி. மத்திய அரசோட பயோ எனர்ஜி திட்டத்துல தினம் 4,800 கிலோ கேஸ் திறனுக்கு 4 கோடி, ஒரு பிராஜெக்ட்டுக்கு அதிகபட்சம் 10 கோடின்னு அறிவிச்சிருந்தாங்க. நம்ம உதாரண பிளான்ட் தினம் ஒரு டன் கேஸ்தான், அந்த விகிதத்துல கணக்குப் பண்ணிக்கோங்க. முக்கியமானது என்னன்னா, பிளான்ட் கட்டி முடிச்ச அப்புறம்தான் பணம் வரும். அது வரைக்கும் வட்டி உங்களோடது. சப்சிடியை முதல் வருஷ வரவுல காட்டற ரிப்போர்ட்டை அங்கேயே மூடிடலாம்.

வரி. உங்க வயல் வைக்கோலை நீங்க வித்தா அது விவசாய வருமானம், வருமான வரி இல்ல. கட்டு கட்டி வித்தாலும் அப்படியே. அடுத்தவர் வைக்கோலை வாங்கி விக்கிறது வியாபாரம், வரி உண்டு. சொந்த வைக்கோலை பெல்லட் ஆக்கி வித்தா வருமானம் ரெண்டா பிரியும், வைக்கோலோட சந்தை விலை வரைக்கும் விவசாயம், அதுக்கு மேல தொழில். மக்கும் கழிவைச் சேகரிச்சு பயோ கேஸ், பெல்லட், எரு தயாரிக்கிற தொழிலுக்கு 1961 வருமான வரிச் சட்டத்துல 80ஜேஜேஏன்னு ஒரு பிரிவு இருக்கு. முதல் அஞ்சு வருஷம் லாபத்துக்கு முழுக் கழிவு. இதை ரிப்போர்ட்ல பெருசா போட்டு மயக்குவாங்க. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு இது கிடையாது, லாபம் வந்தாதான் கழிவுக்கே அர்த்தம். 2026 ஏப்ரல்ல இருந்து 2025 சட்டம், பிரிவு எண்ணும் மாறுது. உங்க ஆடிட்டர்கிட்ட அதைக் கேட்டுக்கோங்க.

கடைசியா நிலம். இதுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். பேங்க் கோர்ட்டுக்குப் போகாம அடமானச் சொத்தைக் கைப்பற்ற உதவற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அந்தச் சட்டத்துலயே 31-வது பிரிவுல விலக்கு இருக்கு. ஆனா பிளான்ட் போட நீங்க அந்த நிலத்தைத் தொழில் நிலமா மாத்தினதும் அந்தப் பாதுகாப்பு போச்சு. ரெண்டு ஏக்கர்ல பிளான்ட், மீதி ஆறு ஏக்கர் நஞ்சையும் "கூடுதல் ஈடு"ன்னு எழுதி வாங்கற பழக்கமும் உண்டு, அதுக்கு மேல தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தும். சிறு தொழிலுக்கு ஈடு இல்லாம கடன் கொடுக்க பேங்குக்கு மத்திய அரசோட சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் 2025 ஏப்ரல்ல இருந்து 10 கோடி வரைக்கும் இருக்கு. அதைக் கேளுங்க. அந்த உத்தரவாதத்துல கொடுக்க பேங்க் மேனேஜர் தயங்கினா, ஏன் தயங்கறார்னு யோசிங்க. அவரும் இந்த 45 ரூபாய் கணக்கைப் போட்டிருப்பார்.

பிளான்ட் போடாம பணம் மட்டும் போடச் சொல்றவங்களும் வர்றாங்க. லட்சம் போட்டா மாசம் இவ்வளவு, கழிவுல இருந்து கேஸ், அரசாங்கமே வாங்கிக்குது. ஈமு கோழி 2012-ல நம்ம மாநிலத்துல எப்படி முடிஞ்சதுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு முன்னாடி காட்டாமணக்கு நட்டு பயோ டீசல்னு ஒரு அலை அடிச்சது. பதிவில்லாத டெபாசிட் வாங்கறதே 2019 சட்டப்படி குற்றம். இதுக்கு மேல ஆராய்ச்சி தேவையில்ல.

அப்ப தேனிக்காரங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லையா? இருக்கு, வேற இடத்துல இருக்கு. வைக்கோல் விலை எவ்வளவா இருந்தாலும், மாட்டுக்குப் போனாலும் பிளான்ட்டுக்குப் போனாலும், அதைக் கட்டு கட்டித்தான் ஆகணும். கட்டு கட்டற மெஷின் 4 லட்சம்னு வைங்க, டிராக்டர் ஏற்கனவே வீட்டுல இருக்கு. ஒரு நாளைக்கு 250 கட்டு, கட்டுக்கு 40 ரூபாய் கூலி, வரவு 10,000. டீசல், கயிறு, டிரைவர், ஆள் செலவு 5,500. மிச்சம் 4,500. ரெண்டு போகத்துலயும் சேர்த்து 60 நாள் ஓடினா 2.7 லட்சம், 40 நாள்தான் ஓடினா 1.8 லட்சம். ரெண்டாவது எண்ணை வச்சு கடன் தவணை கட்ட முடியுமான்னு பாருங்க. அக்கம்பக்கம் எத்தனை மெஷின் ஏற்கனவே ஓடுதுன்னு எண்ணிட்டு, அதுக்கு அப்புறம் கடைக்குப் போங்க.